பதினோராவது பிடிகயிறு

கயிற்றைத் துவைக்கும்போது சோப்புத்தூள் போடக் கூடாது, சார். பலருக்கு இது தெரிவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு மெத்தென்ற பிரஷும் போதும். துவைத்ததை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நார் செத்துப்போகும். மரம் ஏறுகிறவனின் கயிற்றைத் துணி காயப்போடும் கொடி மாதிரி நடத்தினால் அது ஒரு நாள் தன் புத்தியைக் காட்டிவிடும்.

இதைச் சொல்லவா ஸ்டேஷன் வாசல் வரை போன ஆள் திரும்பி வந்தார் என்று நினைப்பீர்கள். இல்லை. நீங்கள் படித்துக் காட்டிய அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. ‘கருவிகளைப் பரிசோதித்தவர் பழுதைக் கவனிக்கத் தவறியதாகத் தெரிகிறது.’ அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினீர்கள். மனுஷன்னா தவறத்தான் செய்யும், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க என்றீர்கள். நல்ல மனிதர் நீங்கள். என் முதலாளியும் உங்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார், அவருக்கு வயசாயிடுச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்ல என்று. வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அது எனக்கு உறைத்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் எனக்குக் கண்ணாடி வேண்டாம். அந்த வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

நாங்கள் மரத்தைக் கண்டபடி வெட்டிச் சாய்க்கிறவர்கள் இல்லை. கூரைமேல் சாய்ந்த கிளை, பட்டுப்போன கிளை, மின்கம்பியில் உரசுகிற கிளை, இவற்றை மேலே ஏறிப்போய்த் துண்டு துண்டாக, கீழே ஒரு பூந்தொட்டிகூட உடையாமல் இறக்குகிறவர்கள். பத்தொன்பது வருடம் நான் ஏறினேன். பிறகு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. டாக்டர் படத்தைக் காட்டி, இனிமேல் ஏறினால் நடப்பதையும் மறந்துவிட வேண்டும் என்றார். கீழே இறங்கினேன். முதலாளி கருவிக் கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஆறு வருடமாகக் கயிறு, இடுப்புப் பட்டை, கொக்கி, தலைக்கவசம் எல்லாம் என் பொறுப்பு. ஏறுகிற ஆள் மரத்தில் இருக்கும்போது கீழே நின்று பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பேன். கயிற்றைக் கண்ணால் பார்ப்பது அரை வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் சாண் சாணாக ஓடவிட வேண்டும். உள்ளே ஒரு நார் இற்றிருந்தாலும் விரல் சொல்லிவிடும். நன்றாக இருப்பதற்கு அந்த மாதத்து நிறத்தில் டேப் ஒட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். கழித்ததைக் கத்தியால் மூன்று துண்டாக வெட்டிவிடுவேன். இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். கழித்த கயிறு முழுசாகக் கிடந்தால் எவனாவது அவசரத்துக்கு அதையே எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிடுவான். வெட்டிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏறுகிறவன் கால் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால் கீழே நிற்கிறவரைப் பார்த்து, “பாத்தாச்சா?” என்று கேட்க வேண்டும். கீழே நிற்கிறவர் கொக்கி, பட்டை, முடிச்சு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, “பாத்தாச்சு” என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கால் எழும்பக் கூடாது. என் பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காமல் ஏறியது ஒரு நாள்கூடக் கிடையாது. கேட்கிறவனுக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை, சார். தன் உயிரை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு ஏறுகிறான், அவ்வளவுதான்.

இப்போது மாப்பிள்ளை. என் தங்கையின் கணவன். வாய் நிறைய மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் வேலையில்லாமல் நின்றவனை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்க மாட்டேன். நான் இறங்கிய பிறகு என் இடத்தில் ஏறியவன் அவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு புத்தி இருந்தது. வேலை முடிந்து இறங்கும்போது சர்ரென்று ஒரே இழுப்பில் வந்து தரையில் குதிப்பான். தெருவில் நிற்கிறவர்கள் போனில் படம் பிடிப்பார்கள், கை தட்டுவார்கள். அவனும் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதிவிட்டுக்கொள்வான்.

அந்த இறக்கத்தில் பலியாவது பிடிகயிறு. ஏறுகிறவனின் இடுப்புப் பட்டைக்கும் பெரிய கயிற்றுக்கும் நடுவே இரண்டு முழ நீளத்துக்கு ஒரு சின்னக் கயிறு இருக்கும். அதைப் பெரிய கயிற்றின் மேல் நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவோம். கையால் தள்ளினால் நகரும். உடம்பு எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும். ஆள் அந்தரத்தில் நிற்பதே அதன் பிடியில்தான். வேகமாக இறங்கினால் அது உராய்ந்து சூடாகி உருகும். உருகின இடத்தில் ஒரு பளபளப்பு ஏறும், வளைத்தால் குச்சி மாதிரி விறைக்கும். அதற்கப்புறம் அதை நம்ப முடியாது. பத்துத் தடவை கவ்வும், பதினோராவது தடவை கைவிடும்.

நான் சொன்னேன். மெதுவாக இறங்கச் சொன்னேன், நல்லபடியாகத்தான் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் ‘கயிறு ஜோசியர்’ என்று பெயர் வைத்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, சாப்பாட்டுப் பையின் வாரை விரலிடுக்கில் ஓடவிட்டு, ஜோசியரே, இந்தக் கயித்துக்கு ஆயுசு கெட்டியா என்று கேட்பான். வெட்டிய கிளைகளைத் தூளாக அரைக்கிற மிஷின்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் ஒரு நாள் பாத்தாச்சா என்று கேட்பதையும் விட்டுவிட்டான். நான் கிட்டே போவதற்குள் கால் தரையை விட்டிருக்கும். நான் என்ன ஸ்கூல் பிள்ளையா, மணி அடிச்சாத்தான் ஒண்ணுக்குப் போகணுமா என்று மேலேயிருந்து கேட்டான்.

முதலாளியிடம் போனேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, உங்க பாத்தாச்சு இல்லாமலே அவன் ஏறிக்கிட்டுத்தானே இருக்கான், ஒண்ணும் ஆகலையே என்றார். ஒன்றும் ஆகவில்லைதான். ஏன் ஆகவில்லை என்று அவர் கேட்கவில்லை. நான் ஒப்புக்குச் சப்பாணி மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

ஏன் ஆகவில்லை என்று உங்களுக்குச் சொல்கிறேன். நான் ஆகவிடவில்லை. தினமும் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவனுடைய பட்டையை ஆணியிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். பிடிகயிறு கருகியிருந்தால் கழற்றிவிட்டு, அதே நிறத்தில், அதே நீளத்தில் புதுசு ஒன்றைக் கட்டி, அவன் போடுகிற மாதிரியே முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவேன். ஒரு வருடத்தில் பதினொன்று மாற்றினேன். அவனுக்குத் தெரியாது. தன் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கழற்றிய பதினொன்றையும் நான் வெட்டவில்லை, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அது முறையில்லை என்று எனக்குத் தெரியும். என்றைக்காவது எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று வைத்தேன்.

அந்த நாள் எப்படி வந்தது என்றால், என் தங்கை மகளின் பிறந்தநாளில் வந்தது. ஆறு முடிந்து ஏழு. வீடு நிறைய ஆட்கள். நான் ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். குழந்தை அதைச் சுற்றியிருந்த ரிப்பனை அவிழ்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரிப்பனை விரலிடுக்கில் மெதுவாக ஓடவிட்டு, “மாமா இப்படித்தான் பாப்பாங்க” என்றது. கூடம் முழுக்கச் சிரித்தது. குழந்தைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வீட்டில் பார்க்காததை அது எங்கிருந்து செய்யும். நான் என் தங்கையைப் பார்த்தேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கி வளர்த்த தங்கை. எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றியெரிந்தது. கேக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

மறுநாள் டின்னைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் கவிழ்த்தேன். மாப்பிள்ளையும் இருந்தான், மிஷின்காரரும் இருந்தார். பதினொன்றையும் தேதிவாரியாக வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வளைத்துக் காட்டினேன். இந்த மனிதன் பதினொரு தடவை செத்திருக்க வேண்டியவன் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. மாப்பிள்ளை ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான்.

“நீங்களே லைட்டர்ல காட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க மச்சான். ஏற முடியலைங்கிற வயித்தெரிச்சல் உங்களுக்கு. அதுக்கு என் பொழப்புல ஏன் கை வைக்கிறீங்க?”

முதலாளி தலையைச் சொறிந்தார். குடும்பச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். இதையெல்லாம் குப்பையில் போடுங்கள் என்றார். மிஷின்காரர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

நான் கயிறுகளைத் திரும்ப டின்னில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். என்னைப் பொய்யன் என்று சொன்னதுகூட இல்லை, சார். என் விரலைப் பொய் என்றான். ஒரு வருடமாக அவனைத் தாங்கிப் பிடித்தது இந்த விரல். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி மாற்றுவதில்லை. நான் செய்யாமல் விட்டது இவ்வளவுதான் என்று நேற்று வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமல் செய்ததை யாரையும் கேட்காமல் நிறுத்தினேன், அதில் என்ன குற்றம்?

ஆனால் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதிய பிறகு மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்த மேஜையில் அடுக்கியதில் பத்தை வெட்டினேன். முறைப்படி மூன்று மூன்று துண்டு. குப்பைத்தொட்டியில் முப்பது துண்டு இருந்ததாக உங்கள் ஆள் எண்ணி எழுதியிருக்கிறார், சரியான கணக்கு. பதினோராவதை வெட்டவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, இரண்டு இடத்தில் உள்நார்வரை உருகிப் பிடித்திருந்தது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன். மெத்தென்ற பிரஷால் தேய்த்துப் பளபளப்பை மங்கவைத்தேன். விறைப்புப் போகும்வரை பிசைந்தேன். இரண்டு சாயங்காலம் ஆனது. நிழலில்தான் உலர்த்தினேன். கையில் எடுத்தால் புதுசு மாதிரி வளைந்தது. வியாழக்கிழமை அவன் பட்டையிலிருந்த நல்ல பிடிகயிற்றைக் கழற்றிவிட்டு இதைக் கட்டினேன். அவன் போடுகிற மாதிரியே முடிச்சுப் போட்டேன். வெள்ளிக்கிழமை டேப் ஒட்டி, பதிவேட்டில் ‘நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நடுங்கியிருக்கிறதா பாருங்கள். இருக்காது.

அவர்கள்தானே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னார்கள். நான் அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். அவன் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஓரடி வழுக்கி, நெஞ்சு திக்கென்று, முகத்தில் ஈயாடாமல் தொங்கினால் போதும், கீழே பார்த்து மச்சான் என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அவன் முதலில் ஏறியது திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி வளாகத்தில். கார்கள் நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு யூகலிப்டஸ், எழுபதடி. மிஷின்காரர் அரைப்பு மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார், காதில் மூடி மாட்டியிருந்தார். மாப்பிள்ளை வழக்கம்போலக் கேட்காமல் ஏறிவிட்டான் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை, அவர் எங்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் சொன்னதை வைத்துத்தான் நீங்களும் அவன்மேல் பாதி, என் கண்மேல் பாதி என்று பழியைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள்.

அவன் கேட்டான், சார்.

மரத்தடிக்குப் போனவன் திரும்பி என்னிடம் வந்தான். ராத்திரி வீட்டில் என் தங்கை பிடித்துக் கிழித்திருக்கிறாள், அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் மரத்துல கால் வைக்கணும் என்று. அவனே சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எட்டு வருடத்துக்கு முன்னால் வேலை கேட்டு என் பின்னால் வந்தபோது அப்படித்தான் நின்றான்.

“அன்னைக்குப் பேசினது தப்புதான் மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க.” பிடிகயிற்றை எடுத்து என் கைக்கு நேரே நீட்டினான். “பாத்தாச்சா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை. கயிற்றை விரலிடுக்கில் ஓடவிட்டேன். முதல் இடம் தட்டுப்பட்டது, நாலு விரற்கடை தள்ளி இரண்டாவது இடமும் தட்டுப்பட்டது. எவ்வளவு பிசைந்தாலும் உள்ளே இருப்பது விரலுக்குத் தெரியாமல் போகாது. வியாழக்கிழமை கழற்றிய நல்ல கயிறு என் சட்டைப்பையில்தான் இருந்தது. மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். ஒரு வருடம் கழித்து வந்து கேட்கிறான், அதுவும் பெண்டாட்டி சொல்லிக் கேட்கிறான். அவளும்தான் அன்றைக்குச் சிரித்தாள். அவ்வளவுதான் எனக்கு அப்போது தோன்றியது.

“பாத்தாச்சு மாப்ள. ஏறு” என்றேன்.

நாற்பதடியில் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு மாறுவதற்காக, மரத்தைச் சுற்றிப் போட்டிருந்த இடுப்புக்கயிற்றைக் கழற்றினான். அப்போது எடை முழுவதும் பிடிகயிற்றுக்கு வந்தது. அது கவ்வவில்லை. வழுக்கிய சூட்டில் அறுந்தது. மச்சான் என்று கூப்பிட்டான், அது மட்டும் நான் நினைத்தபடி நடந்தது. ஆஸ்பத்திரி என்பதால் ஸ்ட்ரெச்சர் வர நாலு நிமிடம்தான் ஆனது. அதற்கு வேலை இல்லை.

இப்போது என் தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அழுகிறாள். நீ தலைபாடா அடிச்சுக்கிட்டியே அண்ணா, அவரு காது கொடுத்துக் கேக்கலையே என்கிறாள். மன்னிப்புக் கேட்டாரா, கேட்டாரா என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை இப்போது ரிப்பனைத் தொடுவதில்லை. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, இனி பாத்தாச்சா கேட்காமல் ஒருத்தன் கால் எழும்பக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மிஷின்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். என்னுடைய முறைதான் சரி என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த நல்ல கயிறு இதோ என் பையில் இருக்கிறது, மேஜையில் வைத்துவிடுகிறேன். வளைத்துப் பாருங்கள், ஒரு குறையும் இருக்காது. என்னை எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன், எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் தங்கையிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். வேண்டுமென்று செய்தான் என்று சொல்லுங்கள், கொன்றுவிட்டான் என்று சொல்லுங்கள். உன் அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், சார்.